வீட்டுக்கு ஒரே கதவு: வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்கில் நுழைய சொந்த விபிஎன் அமைப்பது எப்படி?

வெளியூரில் இருக்கும்போதுதான் வீட்டுக் கணினியில் கிடக்கும் அந்த ஒரு ஃபைல் அவசரமாகத் தேவைப்படும். வீட்டில் ஆள் இருந்தாலும், எந்த ஃபோல்டருக்குள் எந்த ஃபோல்டர் என்று போனில் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். கேமராவைப் பார்ப்பது, சேமிப்புப் பெட்டியில் இருக்கும் படங்களை எடுப்பது, வீட்டுக் கணினியின் திரையையே இங்கிருந்து இயக்குவது என்று தேவைகள் ஒவ்வொன்றாகக் கூடிக்கொண்டே போகும்.

இதற்குப் பலரும் முதலில் பிடிக்கும் குறுக்குவழி, ரவுட்டரில் ஒரு போர்ட்டை, அதாவது இணையப் போக்குவரத்து வந்துபோகும் எண்ணிட்ட வாசலைத் திறந்து கேமராவையோ ரிமோட் டெஸ்க்டாப்பையோ நேரே இணையத்தில் விட்டுவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திறந்திருக்கும் போர்ட் எங்கே இருக்கிறது என்று இணையம் முழுவதையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. 2016-இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலை கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் தேடிப் பிடித்தது. அது கையில் வைத்திருந்தது சுமார் 60 பயனர்பெயர், கடவுச்சொல் ஜோடிகள் மட்டுமே. லட்சக்கணக்கான கருவிகளுக்குள் நுழைய அதுவே போதுமானதாக இருந்தது. 2017 மே மாதம் உலகையே முடக்கிய வானாக்ரை பரவியது, விண்டோஸ் ஃபைல் பகிர்வுக்குப் பயன்படும் 445-ஆம் போர்ட் வழியாக. நீங்கள் திறந்துவிடும் ஒவ்வொரு போர்ட்டும், அதற்குப் பின்னால் இருக்கும் கருவியின் அத்தனை ஓட்டைகளையும் ஊரறியக் காட்டுகிறது.

விபிஎன் என்பது இணையத்தின் ஊடே போடும், மறையாக்கம் செய்யப்பட்ட தனிச் சுரங்கப்பாதை. சொந்த விபிஎன் இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. பத்துக் கருவிகளுக்குப் பத்துக் கதவு வேண்டாம், வீட்டுக்கு ஒரே கதவு. சரியான சாவி இருப்பவருக்கு மட்டுமே அது திறக்கும். உள்ளே வந்துவிட்டால், வீட்டு வைஃபையில் உட்கார்ந்திருப்பதுபோலவே எல்லாம் வேலை செய்யும்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டும் விபிஎன் சேவைகள் வேறு, இது வேறு. அவை உங்கள் இணையப் போக்குவரத்தை அந்த நிறுவனத்தின் சர்வர் வழியாக வெளியே அனுப்புகின்றன. நாம் அமைக்கப் போவதில் சர்வர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. இதனால் உங்கள் அடையாளம் மறையாது. பொது வைஃபையில் இருக்கும்போது அங்கிருப்பவர்கள் எட்டிப் பார்க்க முடியாமல் பாதுகாப்பாக வீட்டுக்கு வந்து சேர்வீர்கள், அவ்வளவுதான். அதுதான் நமக்கு வேண்டியதும்.

எதையும் வாங்கும் முன் ஒரு சோதனை

பெரும்பாலான வழிகாட்டிகள் இதைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகின்றன. ஆனால் உங்கள் இணைப்புக்கு வெளியிலிருந்து எட்டக்கூடிய பொது ஐபி முகவரி இல்லையென்றால், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் கதவு திறக்காது. இரண்டு நாள் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பதற்குப் பதில் ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறங்கள். 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்பதுபோல இருக்கும். ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் போட்டிருப்பார்கள். அதில் 'வான்' (WAN) அல்லது 'இன்டர்நெட்' என்ற பகுதியில் ஓர் ஐபி முகவரி தெரியும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அதே வீட்டு இணைப்பிலிருந்து, 'என் ஐபி என்ன' என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே தெரியும் எண்ணையும் பாருங்கள்.

இரண்டும் ஒன்றாக இருந்தால் உங்களிடம் பொது ஐபி இருக்கிறது. நிம்மதியாக அடுத்த படிக்குப் போகலாம்.

வேறுவேறாக இருந்தால், ரவுட்டர் காட்டும் எண் எந்த வரிசையில் தொடங்குகிறது என்று பாருங்கள். 100.64-இலிருந்து 100.127 வரை இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடுக்கி வைத்திருக்கிறது. இதை சிஜிநாட் என்பார்கள். ஐபிவி4 என்ற பழைய முகவரி முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள்தான் உண்டு. உலகளாவிய கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பு முழுவதற்கும் ஒரே கதவு எண் கொடுத்ததுபோலத்தான் இது: உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து வருகிறவருக்கு எந்த வீடு என்று தெரியாது. சிலர் 10-இல் தொடங்கும் முகவரிகளையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள்.

ரவுட்டர் காட்டுவது 192.168 என்று தொடங்கினால் பெரும்பாலும் சங்கதி வேறு. நிறுவனம் கொடுத்த மோடமே ஒரு ரவுட்டராகவும் வேலை செய்து, அதற்குப் பின்னால் உங்கள் சொந்த ரவுட்டர் இருக்கிறது. அந்த மோடத்தை, ரவுட்டர் வேலையை விட்டுவிட்டு வெறும் மோடமாக மட்டும் இயங்கும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. முடியாவிட்டால் இரண்டு இடத்திலும் போர்ட்டைத் திருப்பிவிட வேண்டும், அதாவது அந்த வாசலுக்கு வருவதை உள்ளே இருக்கும் சரியான கருவிக்கு அனுப்பச் சொல்ல வேண்டும்.

சிஜிநாட் என்று தெரிந்தால் மனம் தளர வேண்டாம். முதலில் இணைய நிறுவனத்தைக் கூப்பிட்டு, பொது ஐபி தருவீர்களா என்று கேளுங்கள். நிலையான ஐபி வேண்டும் என்று கேட்டால் தனிக் கட்டணம் சொல்லக்கூடும். மாறிக்கொண்டே இருந்தாலும் பரவாயில்லை, பொது ஐபியாக இருந்தால் போதும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். அவர்களும் கைவிரித்தால் என்ன வழி என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

இன்னொன்று: வீட்டு இணைப்பின் அப்லோட் வேகத்தையும் இப்போதே அளந்து பாருங்கள். வெளியில் இருக்கும் நீங்கள் வீட்டிலிருந்து டவுன்லோட் செய்வது, வீட்டைப் பொறுத்தவரை அப்லோட். டவுன்லோட் 200 எம்பிபிஎஸ், அப்லோட் 10 எம்பிபிஎஸ் என்று இருக்கும் இணைப்பில், உங்கள் கைக்கு வந்து சேர்வது அந்தப் பத்துக்கு மேல் போகாது.

வயர்கார்டா, ஓபன்விபிஎன்னா?

இவை இரண்டும் சொந்த விபிஎன் அமைக்க உதவும் நிரல்கள். இன்றைக்குப் புதிதாகத் தொடங்குபவருக்கு என் பதில் வயர்கார்டுதான். ஜேசன் டோனன்ஃபெல்ட் உருவாக்கிய இது, 2020 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் கெர்னல் 5.6-இல், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிலேயே, சேர்க்கப்பட்டது. கெர்னலுக்குள் அதன் நிரல் சுமார் 4,000 வரிகள்தான். ஒரு வல்லுநர் உட்கார்ந்து முழுவதையும் படித்துச் சரிபார்க்கக்கூடிய அளவு. பயனர்பெயர் இல்லை, கடவுச்சொல் இல்லை, சான்றிதழ் தலைவலி இல்லை. சாவி மட்டும். எனக்கு மிகவும் பிடித்த குணம் அதன் மௌனம். சாவி இல்லாத ஒருவர் போர்ட்டைத் தட்டினால் அது 'யார்' என்றுகூடக் கேட்காது. தட்டியவருக்கு அங்கே ஒரு கதவு இருப்பதே தெரியாது.

ஓபன்விபிஎன் 2001-இலிருந்து இருக்கிறது, நம்பகமானது. இணையத்தில் தரவு போகும் முறைகள் யுடிபி, டிசிபி என்று இரண்டு; வயர்கார்டு யுடிபியில் மட்டும் ஓடும். யுடிபி போக்குவரத்தை முழுவதுமாகத் தடுக்கும் சில அலுவலக, விடுதி வைஃபைகளில் டிசிபி 443 வழியாக நுழைந்து போக அதனால் முடியும், வயர்கார்டு தானாக அதைச் செய்யாது. அப்படிப்பட்ட இடங்களில் அடிக்கடி இருப்பவர் என்றால் ஓபன்விபிஎன்னையும் இரண்டாவதாக வைத்துக்கொள்ளலாம். சில பழைய ரவுட்டர்களில் பிபிடிபி என்ற பழைய விபிஎன் முறைக்கான தேர்வு இன்னும் இருக்கும். அதன் பாதுகாப்பு எப்போதோ உடைக்கப்பட்டுவிட்டது. அந்தப் பக்கமே போகாதீர்கள்.

எந்தப் பெட்டியில் ஓடவிடுவது?

உங்கள் ரவுட்டரிலேயே வயர்கார்டு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஓபன்டபிள்யூஆர்டி போட்ட ரவுட்டர்கள், ரவுட்டர்ஓஎஸ் 7 ஓடும் மைக்ரோடிக், புதிய ஃப்ரிட்ஸ்பாக்ஸ், ஏசஸ் ரவுட்டர்களில் பல, இவற்றில் உண்டு. இருந்தால் அதுவே சிறந்த இடம். எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் பெட்டி அது, தனியாக போர்ட்டைத் திருப்பிவிடும் வேலையும் இல்லை.

இல்லையென்றால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினி (இனி 'பை' என்பது இதுதான்) அல்லது பழைய மினி கணினி போதும். அதில் லினக்ஸ் போட்டு, நிரல்களைத் தனித்தனிப் பெட்டிபோல் ஓடவிடும் டாக்கருக்குள், வயர்கார்டை நிர்வகிக்கும் டபிள்யூஜி-ஈஸி என்ற நிரலை ஓடவிட்டால், கட்டளைகள் தட்டும் வேலை பெருமளவு குறைந்துவிடும். பிரவுசரில் ஒரு பக்கம் திறக்கும், 'புதிய கிளையன்ட்' என்று ஒரு பெயர் கொடுத்தால் க்யூஆர் கோடு தயார். ஒரே ஓர் எச்சரிக்கை: வயர்கார்டு போக்குவரத்து வருவது 51820 யுடிபி. அந்த நிர்வாகப் பக்கம் திறப்பது 51821 டிசிபி. இரண்டாவதை ஒருபோதும் வெளியுலகுக்குத் திறக்காதீர்கள். அதைத் திறந்தால் சாவிக்கொத்தையே வாசலில் தொங்கவிட்டதுபோல் ஆகும்.

பை வைப்பதாக இருந்தால் வைஃபையில் விடாமல் கேபிளால் ரவுட்டரோடு இணையுங்கள். கருவிகளுக்கு முகவரி பிரித்துக் கொடுக்கும், ரவுட்டரின் டிஹெச்சிபி பகுதியில் அதற்கு ஒரு நிலையான உள் முகவரியும் ஒதுக்கிவிடுங்கள். இல்லையென்றால் ஒருநாள் மின்சாரம் போய் வந்ததும் அதன் முகவரி மாறிவிடும், நீங்கள் திருப்பிவிட்ட போர்ட் யாருமற்ற இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

வீட்டு நெட்வொர்க்கின் எண்ணை மாற்றுங்கள்

இந்தப் படியை நான் ஒருகாலத்தில் செய்யவில்லை. அதன் பலனை ஒரு தங்கும் விடுதியில் இரவு பதினோரு மணிக்கு அனுபவித்தேன். மறுநாள் காலையில் ஒரு ஆவணத்தின் ஸ்கேன் பிரதி வேண்டும். அது வீட்டுச் சேமிப்புப் பெட்டியில், 192.168.1.10 என்ற முகவரியில் இருக்கிறது. விபிஎன்னை ஆன் செய்தேன். கைகுலுக்கல், அதாவது இரண்டு முனைகளும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது, நடந்துவிட்டது என்று ஆப் காட்டியது. பிரவுசரில் முகவரியைத் தட்டினேன். என் பெட்டியின் பக்கத்துக்குப் பதிலாக, ஏதோ ஒரு பிரிண்டரின் லாகின் பக்கம் வந்து நின்றது. மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் அதே பிரிண்டர்.

நடந்தது இதுதான். அந்த விடுதியின் வைஃபையும் என் வீட்டைப் போலவே 192.168.1 வரிசையில் ஓடியது. என் மடிக்கணினிக்கு 192.168.1.10 என்றால், பக்கத்திலேயே இருக்கும் அந்தப் பிரிண்டர்தான். விபிஎன் சுரங்கம் வழியாக வீடு வரை போக வேண்டும் என்று அதற்குத் தோன்றவே இல்லை.

அதனால் விபிஎன் போடும் முன்பே, ரவுட்டரின் லேன் (வீட்டு உள் நெட்வொர்க்) அமைப்பில் வீட்டு வரிசையை யாரும் பயன்படுத்தாத ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்ட வரிசைகள் மூன்று: 10-இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168-இல் தொடங்குபவை. 192.168.0, 192.168.1, 10.0.0 ஆகியவை எங்கு பார்த்தாலும் இருக்கும். 192.168.73 அல்லது 10.57.30 போல ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாற்றியதும் கருவிகளையெல்லாம் ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். கையால் முகவரி கொடுத்து வைத்திருக்கும் பிரிண்டர், கேமராக்களைத் தனியாகத் திருத்த வேண்டும். அரை மணி நேர வேலை. இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

விபிஎன்னுக்கென்று இன்னொரு தனி வரிசை வேண்டும். நான் இங்கே உதாரணத்துக்கு வீட்டுக்கு 192.168.73.0/24, விபிஎன்னுக்கு 10.66.0.0/24 என்று வைத்துக்கொள்கிறேன். 24 என்றால் முதல் மூன்று எண்கள் நிலையானவை, கடைசி எண் மட்டும் கருவிக்குக் கருவி மாறும் என்று பொருள்.

பெயரும் போர்ட்டும்

பொது ஐபி அவ்வப்போது மாறும். அதனால் மாறாத ஒரு பெயர் வேண்டும். டக்டிஎன்எஸ், நோஐபி போன்ற, மாறும் ஐபியை ஒரே பெயரோடு இணைத்து வைக்கும் டைனமிக் டிஎன்எஸ் சேவைகளில் ஒன்றில் பதிந்து ஒரு பெயரை வாங்கிக்கொள்ளுங்கள். பல ரவுட்டர்களில் இதற்கென்றே ஒரு பகுதி இருக்கும். அங்கே விவரத்தைக் கொடுத்துவிட்டால் ஐபி மாறும்போதெல்லாம் ரவுட்டரே போய்ச் சொல்லிவிடும். நோஐபியின் இலவசக் கணக்கில் 30 நாளுக்கு ஒருமுறை மின்னஞ்சலில் வரும் இணைப்பைச் சொடுக்கி உறுதிசெய்ய வேண்டும். மறந்தால் பெயர் போய்விடும்.

வயர்கார்டு ரவுட்டரில் இல்லாமல் பையில் ஓடினால், ரவுட்டரின் 'போர்ட் ஃபார்வர்டிங்' பகுதியில் ஒரு விதி போடுங்கள்: வெளியிலிருந்து 51820-க்கு வரும் யுடிபி, பையின் உள் முகவரியில் 51820-க்குப் போகட்டும். இங்கே டிசிபி என்று தேர்ந்தெடுத்துவிட்டுப் பிறகு தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. யுடிபி, யுடிபி மட்டும்.

அப்புறம், 'போர்ட் திறந்திருக்கிறதா' என்று சோதிக்கும் தளங்களில் போய்ப் பார்க்காதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை டிசிபியைத்தான் சோதிக்கும். வயர்கார்டோ தெரியாதவருக்கு வாயே திறக்காது. எல்லாம் சரியாக இருக்கும்போதும் 'மூடியிருக்கிறது' என்றே அவை காட்டும்.

சாவிகள்

வயர்கார்டில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு ஜோடிச் சாவி. தனிச் சாவி அந்தக் கருவியை விட்டு வெளியே போகக் கூடாது. பொதுச் சாவியை மற்றவரிடம் கொடுக்கலாம். இரண்டுமே 44 எழுத்துகள் கொண்ட புரியாத வரிகளாகத் தெரியும். வீட்டு சர்வரில் போனின் பொதுச் சாவியையும், போனில் சர்வரின் பொதுச் சாவியையும் எழுதுகிறோம். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் தெரிந்திருந்தால்தான் கதவு திறக்கும்.

அமைப்புக் கோப்பு இரண்டு பாதிகளாக இருக்கும். 'இன்டர்ஃபேஸ்' என்ற பாதி தன்னைப் பற்றியது: என் தனிச் சாவி, விபிஎன்னுக்குள் என் முகவரி. 'பியர்' என்ற பாதி எதிரில் இருப்பவரைப் பற்றியது: அவருடைய பொதுச் சாவி, அவரை எங்கே பிடிப்பது. சர்வரில் ஒரு இன்டர்ஃபேஸ், பல பியர்கள். போனில் ஒரு இன்டர்ஃபேஸ், ஒரே பியர்.

நம் உதாரணத்தில் சர்வருக்கு 10.66.0.1, போனுக்கு 10.66.0.2, மடிக்கணினிக்கு 10.66.0.3. போனில் 'எண்ட்பாயிண்ட்' என்ற இடத்தில் நீங்கள் வாங்கிய பெயர், பிறகு ஒரு முக்காற்புள்ளி, பிறகு 51820. 'பெர்சிஸ்டன்ட் கீப்அலைவ்' என்ற இடத்தில் 25 என்று கொடுங்கள். வெளியூர் வைஃபையின் ரவுட்டர் இணைப்பை மறந்துவிடாமல் இருக்க, 25 வினாடிக்கு ஒருமுறை சின்னதாக ஒரு தட்டு தட்டும்.

ஒரே கோப்பைப் போனிலும் மடிக்கணினியிலும் போடாதீர்கள். இரண்டும் ஒரே நேரத்தில் இணைந்தால் சர்வர் எதற்குப் பதில் அனுப்புவது என்று மாறி மாறித் தடுமாறும், இரண்டிலும் இணைப்பு விட்டு விட்டு வரும். கருவிக்கு ஒரு சாவி. கணவருக்கும் மனைவிக்கும் தனித்தனியாக.

ரவுட்டரோ டபிள்யூஜி-ஈஸியோ உருவாக்கித் தரும் க்யூஆர் கோடை வயர்கார்டு ஆப்பில் ஸ்கேன் செய்தால் இவையெல்லாம் தானாக நிரம்பிவிடும். அந்தப் படத்துக்குள் தனிச் சாவி இருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்பக் குழுவில் அனுப்ப வேண்டாம்.

அலவ்டு ஐபிஸ்: எல்லோரும் இடறும் வரி

வயர்கார்டில் உண்மையாகவே புரிந்துகொள்ள வேண்டிய ஒரே விஷயம் என்றால் இதைத்தான் சொல்வேன். பெயரைப் பார்த்தால் யாரை அனுமதிப்பது என்ற பட்டியல்போலத் தெரியும். உண்மையில் அது இரண்டு வேலை செய்கிறது. வெளியே அனுப்பும்போது, 'இந்த முகவரிகளுக்குப் போவதெல்லாம் இந்தப் பியரிடம் போகட்டும்' என்று வழிகாட்டுகிறது. உள்ளே வரும்போது, 'இந்தப் பியரிடமிருந்து வருவதென்றால் இந்த முகவரிகளிலிருந்துதான் வர வேண்டும்' என்று வடிகட்டுகிறது.

அதனால் சர்வர் பக்கத்தில் போன் என்ற பியருக்கு 10.66.0.2/32 என்று ஒரே முகவரிதான் எழுத வேண்டும். 32 என்றால் அந்த ஒரு முகவரி மட்டும். இங்கே 10.66.0.0/24 என்று முழு வரிசையையும் கொடுத்துவிட்டு, மடிக்கணினிக்கும் அதையே கொடுத்தால், கடைசியாக எழுதியவர் முழுவதையும் பிடித்துக்கொள்வார், முதலாமவருக்கு எதுவும் வராது.

போன் பக்கத்தில் உங்களுக்கு இரண்டு தேர்வுகள். 192.168.73.0/24, 10.66.0.0/24 என்று இரண்டை மட்டும் எழுதினால், வீட்டுக்குப் போக வேண்டியது மட்டும் சுரங்கத்தில் போகும். மற்ற இணைய உலாவல் எல்லாம் நேராகப் போகும். 0.0.0.0/0 என்று எழுதினால் எல்லாமே வீடு சுற்றிப் போகும். ஐபிவி6 என்ற புதிய முகவரி முறையையும் அடைக்க ::/0 என்பதையும் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பாதி போக்குவரத்து பக்கவாட்டில் கசியும். நான் இரண்டையும் தனித்தனி சுரங்கங்களாக ஆப்பில் வைத்திருக்கிறேன். வழக்கமாக முதலாவது, நம்பிக்கையில்லாத பொது வைஃபையில் இரண்டாவது.

சர்வர் பையில் ஓடினால் இன்னும் இரண்டு வேலைகள் உண்டு: ஒரு நெட்வொர்க்கிலிருந்து வருவதை இன்னொன்றுக்குக் கடத்தும் ஐபி ஃபார்வர்டிங்கை லினக்ஸில் இயக்குவது, விபிஎன்னிலிருந்து வருவதை பையின் முகவரியாகவே மாற்றிக்காட்டும் மாஸ்கரேட் விதி போடுவது. டபிள்யூஜி-ஈஸி இரண்டாவதைத் தானே பார்த்துக்கொள்ளும். இந்த மாஸ்கரேட் இருப்பதால்தான் வீட்டிலுள்ள மற்ற கருவிகள், 'இது பக்கத்திலிருக்கும் பை கேட்கிறது' என்று நினைத்துப் பதில் சொல்கின்றன. விண்டோஸின் ஃபயர்வால், வேறு வரிசையிலிருந்து வரும் ஃபைல் பகிர்வுக் கோரிக்கையை வழக்கமாக மறுக்கும். அதற்கும் இது மருந்து.

முதல் சோதனை

வீட்டு வைஃபையில் இருந்துகொண்டு சோதிக்காதீர்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து வெளியே போய்த் திரும்ப உள்ளே வரும் போக்குவரத்தைக் கையாளாது. போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் சுரங்கத்தை ஆன் செய்யுங்கள்.

ஆன் ஆகிவிட்டது என்று ஆப் காட்டுவதை நம்ப வேண்டாம். சாவி தப்பாக இருந்தாலும் அது பச்சையாகத்தான் தெரியும். சுரங்கத்தின் பெயரைத் தொட்டு உள்ளே போய், 'லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக்' (கடைசியாக நடந்த கைகுலுக்கல்) என்ற வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்து, 'சில வினாடிகளுக்கு முன்' என்று காட்டினால் கதவு திறந்துவிட்டது. பிறகு பிரவுசரில் 192.168.73.1 என்று தட்டுங்கள். வீட்டு ரவுட்டரின் பக்கம் போனில் விரியும். அந்த நொடி எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிறது.

எங்கே சிக்கியிருக்கிறது என்று கண்டுபிடிப்பது

கைகுலுக்கலே நடக்கவில்லை என்றால் பிரச்சினை பாதையில்: பொது ஐபி இல்லை, போர்ட் விதி தப்பு, பெயர் பழைய ஐபியைக் காட்டுகிறது, அல்லது ஏதோ ஒரு பொதுச் சாவியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஆப்பில் அனுப்பியது கூடிக்கொண்டே போய், பெற்றது பூஜ்யமாக நிற்கும்.

கைகுலுக்கல் நடக்கிறது, 10.66.0.1 பதில் சொல்கிறது, ஆனால் வீட்டிலுள்ள மற்ற கருவிகள் வரவில்லை என்றால் ஐபி ஃபார்வர்டிங், மாஸ்கரேட், போன் பக்க அலவ்டு ஐபிஸ், இந்த மூன்றில் ஒன்று.

எண்ணைத் தட்டினால் வருகிறது, பெயரைத் தட்டினால் வரவில்லை என்றால் சிக்கல் டிஎன்எஸ், அதாவது பெயரை முகவரியாக மாற்றும் வேலையில். இன்டர்ஃபேஸ் பாதியில் டிஎன்எஸ் என்ற இடத்தில் வீட்டு ரவுட்டரின் முகவரியைக் கொடுங்கள். கணினிகள் தாமாகவே ஒன்றையொன்று கண்டுபிடித்துக் காட்டும் வசதி மட்டும் சுரங்கத்தைத் தாண்டி வராது. டிவி, பிரிண்டர், பகிர்வு ஃபோல்டர் எல்லாவற்றையும் முகவரி கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கடைசி வகைதான் படுத்தி எடுக்கும். பிங் (கருவி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகிறது, சின்னப் பக்கங்கள் திறக்கின்றன, பெரிய பக்கமோ ஃபைலோ பாதியில் தொங்குகிறது. இது எம்டியு சிக்கல், அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு. வழக்கமான 1500 பைட்டில், வயர்கார்டு தன் உறைக்காக ஐபிவி4-இல் 60, ஐபிவி6-இல் 80 பைட் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் அதன் வழக்கமான எம்டியு 1420. நடுவில் உள்ள இணைப்பு 1500-க்கும் குறைவாக எடுத்துக்கொண்டால் பெரிய பாக்கெட்டுகள் வழியிலேயே விழுந்துவிடும். போன் பக்க அமைப்பில் எம்டியுவை 1280 என்று வைத்துப் பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் அதுதான். பிறகு மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்கலாம்.

தூங்கும் கணினியை எழுப்ப வேக்-ஆன்-லேன் பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அந்த 'மேஜிக் பாக்கெட்' வழக்கமாக நெட்வொர்க் முழுவதற்கும் ஒலிபரப்பாகப் போவது, வயர்கார்டு சுரங்கம் அதைக் கடத்தாது. விபிஎன் வழியாக ரவுட்டருக்குள்ளோ பைக்குள்ளோ நுழைந்து, அங்கிருந்து அதை அனுப்பச் சொல்லுங்கள்.

பொது ஐபி கிடைக்காதவர்களுக்கு

வீட்டு இணைப்பில் ஐபிவி6 இருந்தால் அது ஒரு வழி. அங்கே ஒவ்வொரு கருவிக்கும் பொது முகவரி உண்டு. போர்ட்டைத் திருப்பத் தேவையில்லை, ரவுட்டரின் ஐபிவி6 ஃபயர்வாலில் அந்த ஒரு யுடிபி போர்ட்டை அனுமதித்தால் போதும். ஆனால் நீங்கள் இருக்கும் இடத்திலும் ஐபிவி6 இருக்க வேண்டும். எல்லா வைஃபையிலும் இருப்பதில்லை.

எளிய வழி டெயில்ஸ்கேல் என்ற நிறுவனத்தின் சேவை. உள்ளே ஓடுவது வயர்கார்டுதான். சாவிகளைப் பரிமாறும் வேலையையும், இரண்டு பக்கமும் சிஜிநாட் போன்ற பொதுவான முகவரிக்குப் பின்னால் இருந்தாலும் வழி கண்டுபிடிக்கும் வேலையையும் அவர்களுடைய சர்வர் செய்கிறது. நேர்வழி கிடைக்காவிட்டால் நடுவில் ஒரு ரிலே வழியாக அனுப்பும்; அப்போதும் உள்ளே இருப்பதை ரிலே படிக்க முடியாது. பையில் அதைப் போட்டு 'சப்நெட் ரவுட்டர்' ஆக்கி, நிர்வாகப் பக்கத்தில் அந்த வழியை ஏற்றுக்கொண்டால் வீடு முழுவதும் கிடைக்கும். மறக்கக் கூடாத ஒன்று: அதன் சாவிகள் வழக்கமாக 180 நாளில் காலாவதியாகும். வீட்டுப் பெட்டிக்கு மட்டும் அந்தக் காலாவதியை நிறுத்தி வையுங்கள். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து, நீங்கள் தூரத்தில் இருக்கும் ஒரு நாளில், அது மறுபடி லாகின் கேட்டு நிற்கும்.

மூன்றாவது, பொது ஐபி உள்ள சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, வீட்டையும் போனையும் அதனோடு இணைப்பது. வெளியாள் யாரையும் நம்பாமல் எல்லாம் தன் கையில் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு இது பொருந்தும். அந்த சர்வரைப் புதுப்பித்துக் காப்பதும் உங்கள் பொறுப்பாகிவிடும்.

ஊரை விட்டுக் கிளம்பும் முன்

மின்சாரம் போய் வந்தால் எல்லாம் தானாக எழுந்து நிற்கிறதா? வீட்டில் இருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். மினி கணினி என்றால் பயாஸில் (கணினி தொடங்கும்போது வரும் அடிப்படை அமைப்புப் பக்கம்), மின்சாரம் வந்ததும் தானே ஆன் ஆகும்படி வைக்க வேண்டும். வயர்கார்டு சேவை, பூட் ஆகும்போதே தொடங்கும்படி இருக்கிறதா என்பதும் இந்தச் சோதனையில் தெரிந்துவிடும்.

வெளியூரிலிருந்து விபிஎன் வழியாக நுழைந்து அந்த விபிஎன்னின் அமைப்பையே திருத்தாதீர்கள். ரவுட்டருக்குப் புதிய ஃபர்ம்வேர் (அதன் உள்நிரல்) போடுவதும் வேண்டாம். கிளையில் உட்கார்ந்து அந்தக் கிளையையே வெட்டுகிற வேலை அது. கட்டாயம் என்றால் இரண்டாவது வழி ஒன்று இருக்கட்டும்: முதன்மையாக வயர்கார்டு வைத்திருப்பவர்கள் பையில் டெயில்ஸ்கேலையும் போட்டு வைக்கலாம்.

பெட்டிக்குள் இருக்கும் லினக்ஸையும் ரவுட்டர் ஃபர்ம்வேரையும் அவ்வப்போது புதுப்பியுங்கள், வீட்டில் இருக்கும் நாளில். அமைப்புக் கோப்பின் பிரதி ஒன்றைப் பூட்டி வைத்த இடத்தில் வையுங்கள். பையின் மெமரி கார்டு சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும்.

போன் தொலைந்துவிட்டால் உடனே சர்வருக்குள் போய் அந்தப் போனின் பியரை நீக்குங்கள். கருவிக்கு ஒரு சாவி என்று சொன்னது இதற்காகத்தான். அந்த ஒரு சாவி செத்துவிடும், மற்றவர்களுடைய இணைப்பு அப்படியே இருக்கும். எந்தச் சாவி யாருடையது என்று தெரிய வேண்டுமே. பியருக்குப் பெயர் வைக்கும்போது 'கிளையன்ட்1', 'கிளையன்ட்2' என்று போடாமல், 'அம்மா போன்', 'அலுவலக மடிக்கணினி' என்று எழுதி வையுங்கள்.